அங்கீகாரம் இல்லாத ஆட்டங்களை வீரரின் கணக்கில் சேர்க்கலாமா?

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டென்னிஸ் பந்துப் போட்டிகளில் என் பேரில் ஆயிரக்கணக்கில் ரன் இருக்கிறது. மொபைல் ஆப்பில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. மாவட்டத் தேர்வுக்குப் போனால் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டத்தில் அடித்த ரன்னையே டி20 கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். அடித்தது அடித்ததுதானே? அங்கீகாரம் இல்லாத ஆட்டங்களையும் வீரரின் கணக்கில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?"

மதுரையில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த ஆட்டங்களையும் ஒரு பந்து விடாமல், ரஞ்சி ஆட்டத்துக்கு எழுதுகிற அதே கவனத்தோடு, தனிக் கணக்காக எழுதிக் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நாம் செய்வதே இல்லை. அதனால்தான் சேர்க்க மாட்டோம் என்று சொல்வது இவ்வளவு அநியாயமாகப் படுகிறது.

உங்கள் வாதத்துக்கு ஆகப் பெரிய சாட்சி சச்சின் டெண்டுல்கர். 1989 டிசம்பர் 16, பெஷாவர். அன்று நடக்க வேண்டிய ஒருநாள் ஆட்டம் வானிலை சரியில்லாமல் கைவிடப்பட்டது. வந்த கூட்டத்தை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் 20 ஓவர் காட்சி ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். பதினாறு வயதுப் பையன் 18 பந்தில் 53 அடித்தான். பாகிஸ்தானின் அப்துல் காதிர் அப்போது உலகத்தின் மிகச் சிறந்த லெக் ஸ்பின்னர்களில் ஒருவர். அவருடைய ஒரே ஓவரில் நான்கு சிக்ஸர். எதிர்முனையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்திய கேப்டன், நம் ஸ்ரீகாந்த். இரண்டு நாள் கழித்து குஜ்ரன்வாலாவில் சச்சினின் முதல் அதிகாரபூர்வ ஒருநாள் ஆட்டம். வக்கார் யூனிஸ் பந்தில் பூஜ்யத்துக்கு அவுட். ஏட்டில் இருப்பது அந்தப் பூஜ்யம்தான். பெஷாவர் 53 எங்கேயும் இல்லை.

முதல் பார்வைக்கு இது பெரிய அநியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சச்சினின் ஒருநாள் கணக்கு 463 ஆட்டங்களில் 18,426 ரன். அந்த 53-ஐச் சேர்த்தால் 18,479. இதனால் அவருக்கு என்ன கூடிவிட்டது? ஒன்றுமில்லை. கூட்டலில் சேராத அந்த 53-ஐத்தான் இத்தனை வருடம் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். யார் பந்து, எத்தனை சிக்ஸர், எதிர்முனையில் யார் என்பதெல்லாம் நினைவில் இருக்கிறது. தனியாக நிற்பதால்தான் அந்த இன்னிங்ஸ் இன்றும் கண்ணில் படுகிறது.

சரி, அதிகாரபூர்வம் என்று எதைச் சொல்கிறார்கள்? முதல்தர ஆட்டத்துக்கு வரையறை வந்தது 1947 மே மாதம். மூன்று நாளோ அதற்கு மேலோ நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் பதினோரு பேர், அந்த அணிகள் முதல்தரத் தகுதி உள்ளவை என்று அந்தந்த நாட்டு வாரியம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சுற்றுப்பயணத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் பதினான்கு பேரை மாற்றி மாற்றி இறக்குகிறார்களே, அதில் அடித்த சதம் கணக்கில் வராததற்கு இதுதான் காரணம். அடித்தவர் உலக நட்சத்திரமாகவே இருந்தாலும் விதி மாறாது.

விதி எளிது. அதை வைத்திருப்பவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2007 ஜூன் மாதம் சேப்பாக்கத்தில் ஆசிய அணிக்கும் ஆப்பிரிக்க அணிக்கும் நடந்த ஆட்டத்தில் தோனி ஆட்டமிழக்காமல் 139 அடித்தார். மஹேல ஜயவர்தனவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 218 ரன். இது அதிகாரபூர்வ ஒருநாள் ஆட்டம். தோனியின் 10,773 ரன்னில் 174 ரன் இந்தியாவுக்காக அடித்ததே இல்லை, ஆசிய அணிக்காக மூன்று ஆட்டங்களில் அடித்தது. 2005-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவோடு உலக அணி ஆடியதையும் டெஸ்ட் என்றார்கள். முரளிதரனின் 800 விக்கெட்டில் ஐந்து அந்த ஆட்டத்தில் வந்தவை, இலங்கைக்காக எடுத்தது 795. இன்சமாமின் 8,830 டெஸ்ட் ரன்னிலும் ஒரு ரன் உலக அணிக்காக எடுத்தது. பில் ஃபிரிண்டால் என்ற பெரிய ஆங்கிலேய ஸ்கோரர் அந்த ஆட்டத்தை டெஸ்ட்டாக ஏற்க மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்தார். ஸ்கோரர் என்ற முறையில் அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் அவர் பக்கம் இல்லை. இது டெஸ்ட் என்று சொல்லித்தான் ஆட்டக்காரர்களை இறக்கினார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர்கள் ஆடினார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 1970-இல். தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் ரத்தாகிவிட, அதற்குப் பதிலாக உலக அணியோடு ஐந்து ஆட்டங்கள் வைத்தார்கள். கேரி சோபர்ஸ் கேப்டன். லார்ட்ஸில் அவர் 183 அடித்தார், தொடரில் 588 ரன்னும் 21 விக்கெட்டும் அவருக்கு. அப்போது எல்லோரும் அவற்றை டெஸ்ட் என்றே சொன்னார்கள். கிளமார்கன் அணியின் தொடக்க ஆட்டக்காரர் ஆலன் ஜோன்ஸ் லார்ட்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக இறங்கினார். 5, 0. இங்கிலாந்துத் தொப்பியும் வாங்கினார். அப்புறம் அந்தத் தொடர் டெஸ்ட் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கு மறுபடி வாய்ப்பு வரவேயில்லை. முதல்தர ஆட்டங்களில் 36,049 ரன் எடுத்தவர் அவர். டெஸ்ட்டே ஆடாத ஒருவர் இவ்வளவு ரன் எடுத்தது வேறெங்கும் இல்லை. ஐம்பது வருடம் கழித்து, 2020-இல்தான், இங்கிலாந்து வாரியம் அவருக்கு 696 என்ற எண்ணோடு தொப்பி கொடுத்தது. ஒரு மனிதன் முப்பத்தொரு வயதில் போட்டுக்கொண்ட தொப்பி, அவனுக்குச் சொந்தமா இல்லையா என்று எண்பது தாண்டும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரிக்கெட் நிர்வாகத்தில் எனக்கு மனசு ஆறாத விஷயங்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் பார்த்து நான் கைக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். ஓர் ஆட்டம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முதல் பந்து வீசுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொன்னதை அப்புறம் மாற்றக் கூடாது. பெஷாவரில் அது காட்சி ஆட்டம் என்று இரண்டு அணிக்கும் தெரியும், எனவே சேராதது சரி. சிட்னியில் டெஸ்ட் என்று சொன்னார்கள், எனவே சேர்ந்தது சரி. 1970-இல் செய்தது மட்டும் தவறு.

பின்னால் போய்த் தகுதியைப் பறிப்பது போலவே, பின்னால் போய்க் கொடுப்பதும் கணக்கைக் கெடுக்கும். 1889-இல் கேப் டவுனில் ஜானி பிரிக்ஸ் 28 ரன்னுக்கு 15 விக்கெட் எடுத்தார், அதில் 14 பேர் பௌல்டு. இன்றைக்கு அது டெஸ்ட் சாதனை. ஆனால் அந்தப் பயணத்தில் ஆடியவர்களுக்குத் தாங்கள் டெஸ்ட் ஆடுகிறோம் என்றே தெரியாது. அந்தத் தகுதியெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது. எதிரணியின் தரம் என்ன என்பதை அந்த எண்களே சொல்லும்.

2001-இல் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் நடந்ததையும் பாருங்கள். அதற்கு முந்தைய டெஸ்ட்டில் மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் சச்சின், சேவாக் உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தார். இந்திய வாரியம் அவரை ஏற்க மறுத்தது. செஞ்சூரியனில் நடக்கவிருந்த மூன்றாவது டெஸ்ட்டின் தகுதியை ஐ.சி.சி. எடுத்துவிட்டது. பரோடாவின் கானர் வில்லியம்ஸ் அந்த ஆட்டத்தில்தான் இந்தியாவுக்காக இறங்கினார், இரண்டாவது இன்னிங்ஸில் 42 அடித்தார். அதன் பிறகு டெஸ்ட் வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆலன் ஜோன்ஸுக்காக வருத்தப்படுவது போலவே இவருக்காகவும் வருத்தப்படுகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது: டாஸ் போடும்போதே அது டெஸ்ட் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த 42-ஐ இப்போது டெஸ்ட் கணக்கில் சேர்க்கச் சொல்ல என்னால் முடியாது. இப்படி ஓர் ஆட்டம் நடந்தது, இவர் இத்தனை அடித்தார் என்று அவர் பெயருக்குக் கீழே எழுதுங்கள் என்றுதான் கேட்பேன்.

இந்த வாதத்துக்கு உண்மையான சோதனை, வாரியங்களை மீறித் தனியாகப் போட்டி நடத்திய ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர். 1977 முதல் 1979 வரை அவர் நடத்திய சூப்பர் டெஸ்ட்டுகளில் ஆடியவர்களைப் பாருங்கள்: லில்லி, ஹோல்டிங், ராபர்ட்ஸ், இம்ரான், விவ் ரிச்சர்ட்ஸ், சாப்பல் சகோதரர்கள். அன்றைக்குப் பல அதிகாரபூர்வ டெஸ்ட்டுகளில் இவ்வளவு கடுமையான பந்துவீச்சு இல்லை. கிரெக் சாப்பல் அதில் 1,415 ரன் எடுத்தார். லில்லி 67 விக்கெட். இவை எதுவும் டெஸ்ட் கணக்கிலும் இல்லை, முதல்தரக் கணக்கிலும் இல்லை. லில்லியின் டெஸ்ட் விக்கெட் 355. அந்த 67-ஐச் சேர்த்தால் 422 ஆகியிருக்கும்.

இதில் மிகவும் நெஞ்சைத் தொடுவது பேரி ரிச்சர்ட்ஸின் கதை. நிறவெறிக் கொள்கைக்காகத் தென்னாப்பிரிக்கா ஒதுக்கப்பட்டதால் அவர் ஆடியது நான்கே டெஸ்ட், 508 ரன், சராசரி 72.57. பேக்கரின் ஐந்து சூப்பர் டெஸ்ட்டில் 554 ரன், சராசரி 79.14. இரண்டையும் கூட்டினால் ஒன்பது ஆட்டம், 1,062 ரன் என்று வரும். சேர்க்க வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் இவரைத்தான் முன்னே நிறுத்துவார்கள். எனக்கோ சேர்க்கக் கூடாது என்பதற்கு இவரே நல்ல உதாரணமாகத் தெரிகிறார். கூட்டிவிட்டால் 75.86 என்ற ஒரே எண் மிஞ்சும். அந்த எண்ணைப் பார்த்து யாரும் கதையைத் தெரிந்துகொள்ள முடியாது. தனித்தனியாக இருந்தால், ஏழு வருடம் சர்வதேச ஆட்டமே இல்லாமல் இருந்த ஒருவர் திரும்பி வந்து உலகத்தின் ஆகச் சிறந்த வேகப்பந்து வீச்சாளர்களை முன்னைவிட நன்றாக ஆடினார் என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடுகிறது. தரத்தை வைத்துத்தான் சேர்ப்பேன் என்றால் தரத்தை அளப்பது யார்? பேக்கர் ஆட்டங்களை உள்ளே விடுகிற அதே கையால் கேப் டவுன் 1889-ஐ வெளியே தள்ள வேண்டிவரும். அதற்கு முடிவே இருக்காது.

2007-இல் தனியார் நடத்திய ஐ.சி.எல். (இந்தியன் கிரிக்கெட் லீக்) வேறு ரகம். அம்பதி ராயுடுவும் நம் பதானியும் அங்கே போனார்கள். முதல் கோப்பையை ஜெயித்தது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். வாரியம் அங்கீகரிக்கவில்லை, போனவர்களை ஒதுக்கிவைத்தது, 2009-இல் மன்னிப்புக் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டது. இளம் வயதில் ராயுடுவின் கணக்கில் விழுந்த ஓட்டைக்குக் காரணம் அந்தத் தடைதான். ரன்னைச் சேர்த்தால் அது சரியாகிவிடாது, தடையே போட்டிருக்கக் கூடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நத்தம் ரோடு மேம்பாலம் ஏறி நேராகப் போனால் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். 2019 டிசம்பரில் அங்கேதான் ரஞ்சி ஆட்டத்தில் தமிழ்நாடு கர்நாடகாவிடம் 26 ரன்னில் தோற்றது. அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு ரன்னும் முதல்தரக் கணக்கில் இருக்கிறது. அதே மைதானத்தில், அதே ஆட்டக்காரர்களில் பலர், டி.என்.பி.எல். ஆடினால் ஒரு ரன்கூட டி20 கணக்கில் ஏறாது. தொலைக்காட்சி உண்டு, தகுதி பெற்ற அம்பயர்கள் உண்டு, வாரியத்தின் அனுமதியும் உண்டு. பிறகு ஏன்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தற்போதைய ஏற்பாடு சரி என்றே நினைக்கிறேன். டி.என்.பி.எல். ஒரே மாநிலத்து ஆட்டக்காரர்களை எட்டு அணியாகப் பிரித்து ஆடுகிற போட்டி. இதைச் சேர்த்தால் கர்நாடகம், மகாராஷ்டிரம், டெல்லி, உத்தரப்பிரதேசம் என்று எல்லா மாநில லீக்கையும் சேர்க்க வேண்டும். பணமும் ஸ்பான்சரும் உள்ள மாநிலத்துப் பையனுக்கு வருடத்துக்குப் பத்து ஆட்டம் கூடும். லீக் நடத்த வசதியில்லாத மாநிலத்துப் பையன் அந்த அளவுக்குப் பின்தங்குவான். மாநில அணிகளுக்கான டி20 போட்டியான சையத் முஷ்டாக் அலி கோப்பையில் எல்லா மாநிலமும் ஆடுகின்றன. அங்கே எடுக்கிற ரன்னைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

கணக்கில் வராததால் டி.என்.பி.எல். வீணாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2018-இல் மதுரை பேந்தர்ஸ் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர் வருண் சக்கரவர்த்தி. அதே வருடம் டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. நடராஜன் திண்டுக்கல் அணிக்கு ஆடி, 2017-இல் 3 கோடிக்கு ஐ.பி.எல். போனார். அவர்களை எடுத்தவர்கள் டி20 பட்டியலைப் பார்த்து எடுக்கவில்லை. பந்து வீசுவதைப் பார்த்து எடுத்தார்கள்.

இனி உங்கள் டென்னிஸ் பந்து ரன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்டங்களை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், நேசிக்கவும் செய்கிறேன்.

கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்தான் மைதானம். ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் சீமைக்கருவேலம். கரை தாண்டினால் சிக்ஸர். கருவேலத்துக்குள் போனால் பந்து கிடைக்காது, அதனால் அந்தப் பக்கம் எவ்வளவு தூக்கி அடித்தாலும் ரெண்டு ரன்தான் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிவிடுவார்கள். எட்டு ஓவர். எல்.பி.டபிள்யூ. கிடையாது. மாங்கா போடுகிற, அதாவது கையை மடக்கி எறிகிற, பௌலரை ஒரு டீம் ஒத்துக்கொள்ளும், அடுத்த டீம் சண்டைக்கு வரும். அரையிறுதிக்கு வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்குவார்கள். ஆப்பில் அவர்கள் பேர் இருக்காது. அன்றைக்கு வராத உள்ளூர்ப் பையன் பேரில் அவர்கள் அடிப்பார்கள்.

ஸ்கோர் போடுவதைப் பாருங்கள். போனை வைத்திருக்கிற பையனே அடுத்த பேட்ஸ்மேன். விக்கெட் விழுந்ததும் போனைப் பக்கத்திலிருப்பவனிடம் கொடுத்துவிட்டு ஓடுவான். இடையில் ஒரு ரன் அவுட் நடக்கும், ஆட்கள் முனை மாறியிருப்பார்கள், புதிதாக போனை வாங்கியவன் அதைக் கவனித்திருக்க மாட்டான். அடுத்த இரண்டு ஓவருக்கு ஒருவன் அடித்த ரன் மற்றவன் பேரில் ஏறும். மொத்தம் சரியாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்காகத்தான் கிரிக்கெட் சட்டமே இரண்டு ஸ்கோரர் வேண்டும், அவர்கள் அடிக்கடி ஒருவரோடொருவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. லீக் ஆட்டத்தில் பேட்டிங் பக்கக் கூட்டலும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். பௌலர்கள் கொடுத்த ரன்னோடு பையும் லெக் பையும் சேர்ந்து அதே மொத்தம் வர வேண்டும். அப்படியும் பேட்ஸ்மேன் மாறிப்போனதைக் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதனால் ஒவ்வொரு ஓவர் முடிவிலும் "ஸ்ட்ரைக்கில் யார்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வோம்.

மாவட்டத் தேர்வாளர்கள் உங்கள் ஆப்பைப் பார்க்காததற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. அந்த எண் எந்தப் பந்தில், எத்தனை ஓவரில், எப்படிப்பட்ட எல்லைக்கோட்டில், யார் எழுதி வந்தது என்பது அதில் இல்லை. இவை தெரிந்தால் அதே ரன்னுக்கு மதிப்பு வரும். எட்டு ஓவர் ஆட்டத்தில் நல்ல பௌலிங்குக்கு எதிராக 20 பந்தில் 50 அடிக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்பது எந்தத் தேர்வாளருக்கும் தெரியும். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசித்தான் நடராஜன் யார்க்கர் கற்றுக்கொண்டார்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இன்னொன்று. யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்ற நோட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்துகிற நம் ஊர்களில், ஸ்கோர் புத்தகம் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. கோப்பை கிளப் அலமாரியில் இருக்கும். யார் யார் ஆடி ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். பழைய லீக் புத்தகங்கள் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. இந்த ஊரில் மாநில அணிக்குப் போகும் தகுதியோடு ஆடி, வேலை குடும்பம் என்று நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆடினார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. டி20 கணக்கில் ஏறாதது பெரிய இழப்பே இல்லை, தம்பி. எழுதப்படாமலே போனதுதான் இழப்பு.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஏதாவது ஒரு லீக் டீமில் பேரைப் பதிவு செய்யுங்கள். தோல் பந்தில் எடுக்கிற 30 ரன் உங்களுக்காகப் பேசும். டென்னிஸ் பந்துக் கணக்கை அதோடு கூட்டாதீர்கள், தனித் தாளில் வையுங்கள். தேதி, ஊர், எதிரணி, பந்து, ஓவர், இரண்டு இன்னிங்ஸின் முழு ஸ்கோர்கார்டு என எல்லாம் அதில் இருக்கட்டும். நீங்கள் பூஜ்யத்தில் அவுட்டான ஆட்டங்களும் இருக்கட்டும், அவை இல்லாத பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்து உங்கள் ஊரில் நடக்கிற போட்டிக்கு, ஆடாத ஆட்கள் இரண்டு பேரை ஸ்கோர் எழுத உட்காரவையுங்கள். ஆப்பும் ஓடட்டும், கூடவே புத்தகமும் இருக்கட்டும். எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், அரசரடி ரயில்வே மைதானமோ கல்லூரி மைதானமோ, லீக் ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை அனுப்பிவையுங்கள். ஸ்கோரர் மேசையில் எப்போதும் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இன்னிங்ஸ் பார்த்தால் பாதி பிடிபட்டுவிடும், மீதியை நாங்கள் சொல்லித் தருகிறோம்.